இருநூற்றுப் பதினான்கு சிப்பாய்களும் நானும்

மார்ச் 3, ஞாயிறு

இன்று அணிவகுப்பு. ஞாயிறு என்றால் மற்ற வீடுகளில் தூக்கம், எங்கள் வீட்டில் அணிவகுப்பு. காலை ஏழு மணிக்கே இவர் கூடத்தில் செய்தித்தாளை விரித்து, கண்ணாடி அலமாரியைத் திறந்து, இருநூற்றுப் பதினான்கு ஈயச் சிப்பாய்களையும் ஒவ்வொன்றாகத் தரையில் இறக்கிவிட்டார். நில அளவைக்காரரைக் கட்டிக்கொண்டால் இதுதான் கதி. ஆறு நாள் ஊரார் நிலத்தை அளந்தது போதாதென்று ஏழாம் நாள் வீட்டில் நூல் பிடித்து, ரசமட்டம் வைத்து, பொம்மைக்கும் பொம்மைக்கும் நடுவே சரியாக இரண்டு விரல் இடைவெளி விடுகிறார்.

பொம்மை என்று எழுதிவிட்டேன். வாயால் சொல்லியிருந்தால் உடனே திருத்தியிருப்பார்: "பொம்மை இல்ல, சிப்பாய்." கேஸ் சிலிண்டர் போட வந்த ஆளைக்கூட விடவில்லை, நிற்க வைத்துத் திருத்தினார்.

எனக்குக் குமட்டுவது அவர் துடைக்கும் விதம். துணி நுனியை நாக்கில் வைத்து ஈரமாக்குவார், சிப்பாயின் மூஞ்சியைத் துடைப்பார், அதே நுனியை மறுபடி நாக்கில் வைப்பார். லேபில் நாள் முழுக்க ஊரார் ரத்தத்தோடும் சளியோடும் மல்லுக்கட்டுகிறவள் நான். கையுறை இல்லாமல் ஒரு குழாயைத் தொடமாட்டேன். வீட்டுக்கு வந்தால் கட்டின புருஷன் ஈயத்தை நக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சீ.

நடுவில் வழக்கமான அழைப்பு. "கொஞ்சம் வந்து பாரேன்."

கல்யாணமாகி ஒன்பது வருஷமாக இந்த அழைப்பு வருகிறது. "கையில வேலை இருக்கு" என்று நானும் ஒன்பது வருஷமாகச் சொல்கிறேன். இன்று கையில் ஒரு வேலையும் இல்லை, சும்மாதான் நின்றிருந்தேன். அவர் அதற்கெல்லாம் அசருகிற ஆளா? அங்கிருந்தே விளக்கினார். எல்லா முகமும் கையால் வரைந்ததாம், ஒரு முகம் போல இன்னொன்று இருக்காதாம். மூன்றாம் வரிசை முரசுக்காரனுக்கு ஒரு கண் நேராகவும் ஒரு கண் தொப்பியைப் பார்த்தும் இருக்கிறதாம். வேலை முடிகிற நேரத்தில் யாரோ அவசரமாக வரைந்திருக்க வேண்டுமாம். அவனுக்கு ஓரக்கண்ணன் என்று பெயர் வேறு. பெற்ற பெண்ணுக்குப் பெயர் தேட நான்கு மாதம் ஆனது இவருக்கு.

குட்டிக்குப் பத்து மாதம். தவழ்ந்துபோய் ஒரு குதிரையைப் பிடிக்கப் பார்த்தாள். தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

மார்ச் 6, புதன்

எனக்கு இன்று விடுமுறை. அலமாரிக்குள் பூஞ்சை. என் கண்ணில்தானா இதெல்லாம் பட வேண்டும்.

குதிரைகளின் வயிற்றிலும் சிப்பாய்களின் பூட்ஸிலும் வெள்ளையாகப் பொடி பூத்திருக்கிறது. பொடுகு பிடித்த தலை மாதிரி. ஒரு காலாட்படைக்காரனைத் தூக்கினால் அவன் நின்ற இடத்தில் வெள்ளையாக இரண்டு பாதம். உடம்பெல்லாம் கூசியது. எத்தனை நாளாக இது என் வீட்டில், என் பிள்ளை தவழ்கிற கூடத்தில்?

அந்த அலமாரி என் ஏற்பாடு என்பதை இங்கே எழுதிவைக்க வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்தப் பட்டாளம் ஜன்னல் விளிம்பிலும் ஃப்ரிட்ஜ் தலையிலும் முகாம் போட்டிருந்தது. எதை எடுத்தாலும் தூசி. பொறுக்கமாட்டாமல் தச்சரைக் கூப்பிட்டுப் புது மரத்தில் செய்யச் சொன்னேன். கண்ணாடிக் கதவைச் சுற்றி ரப்பர் பட்டை. "எறும்புகூட நுழையாதும்மா" என்றார் தச்சர். பூஞ்சை மட்டும் நுழைந்துவிட்டது பாருங்கள்.

பூஞ்சைக்கு வினிகரை மிஞ்சியது இல்லை. குளியலறைச் சுவரில் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். இவர் அளக்கப் போயிருந்த நேரத்தில் ஒவ்வொன்றாக எடுத்து, வினிகரில் நனைத்த துணியால் துடைத்து வைத்தேன். இரண்டரை மணி நேரம். அழுக்குத் துணியை வாஷிங் மெஷினில் குட்டியின் துணிகளோடு சேர்த்துப் போட்டேன். பூட்ஸ் எல்லாம் பளபளவென்று ஆகிவிட்டது. வாசனைதான் கொஞ்சம் மூக்கைத் துளைக்கிறது.

இவருக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் சொல்லவும் இல்லை. சொன்னால், எதற்குத் தொட்டாய் என்பார்.

மார்ச் 13, புதன்

திரும்ப வந்துவிட்டது. போன வாரத்தைவிட இரண்டு மடங்கு. என்ன ஜன்மமோ!

மறுபடியும் துடைத்தேன். இந்த முறை விடுவதாக இல்லை. ஒரு கிண்ணம் நிறைய வினிகரை அடித்தட்டின் மூலையில், குதிரைப்படைக்குப் பின்னால் ஒளித்து வைத்துக் கதவை இறுக்கி மூடிவிட்டேன். உள்ளேயே இருந்து வேலை செய்யட்டும்.

துடைத்த துணியைத் துவைத்துக் காயப்போட்டிருந்தேன். குட்டி அதன் நுனியை இழுத்து வாயில் வைத்துக் குதப்பிக்கொண்டிருந்தாள். துவைத்த துணிதானே என்று விட்டுவிட்டேன்.

மார்ச் 17, ஞாயிறு

அணிவகுப்பு நடக்கவில்லை.

நான் முந்திக்கொண்டு விடியுமுன்னே, விளக்கைக்கூடப் போடாமல், கிண்ணத்தை எடுத்துக் கழுவிவிட்டேன். அவர் வந்து கதவைத் திறந்தார். திறந்த கையைக் கீழே விடாமல் அப்படியே நின்றார். குதிரைகளுக்குக் கால் இல்லை. கால் இருந்த இடத்தில் வெள்ளைக் குவியல். கொடி பிடித்தவன் கொடியின் மேலேயே விழுந்து கிடக்கிறான். முகங்களில் பெயின்ட் தோல் உரிவது போல உரிந்து தொங்குகிறது. புளித்த நெடி அலமாரியிலிருந்து குப்பென்று கூடத்துக்கு வந்தது.

இதைத் தொட்டுத் தொட்டு நக்கினாரே என்று நினைத்ததும் நிஜமாகவே வாந்தி வந்து ஓடினேன்.

திரும்பி வந்தபோது அவர் விழுந்தவர்களை எண்ணிக்கொண்டிருந்தார். எழுபத்திமூன்று. என்னைக் கூப்பிடவில்லை.

மார்ச் 23, சனி

இவருடைய பல் டாக்டர் நண்பர் வந்தார். இவருக்கு மூத்தவர், என்னைத் தங்கச்சி என்பார், அவரும் இந்தப் பைத்தியம்தான். வந்தவர் அலமாரி முன்னால் குனிந்தவுடன் மூக்கைப் பொத்தினார். பிறகு கைப்பையிலிருந்து கையுறை எடுத்துப் போட்டுக்கொண்டார். பொம்மைக்குக் கையுறையா என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

"இது பூஞ்சை இல்லப்பா. ஈயம் அழுகுது."

பூஞ்சை என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனாலும் அந்த வார்த்தை என்னைப் பார்த்தே வந்த மாதிரி இருந்தது.

அவர் சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறேன், மறக்கக்கூடாது. புது மரம் புளிப்பான ஆவியை விடுமாம். காற்றுப் போக வழி இருந்தால் ஒன்றுமில்லை. இறுக்கி மூடி வைத்தால் அது ஈயத்தைத் தின்னும், தின்றதெல்லாம் வெள்ளைப் பொடியாக வரும். அந்தப் பொடி விஷம். உலர்ந்த கையால் தொடக்கூடாது, பறக்க விடக்கூடாது. வாயில் போனால் ரத்தத்தில் ஏறும், குழந்தைகள் என்றால் மூளைவரை போகும். "ஆனா வெறும் மரத்துக்கே இவ்வளவு வேகமா ஆகாதே. உள்ள யாராச்சும் வினிகர் வச்ச மாதிரி மணக்குது" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் பேசிவிட்டார். "புது மரம், அப்படித்தான் மணக்குது. ரப்பர் வச்சு மூடச் சொன்னது நான்தான். தூசி விழுமேன்னு."

இவர் சொல்லவே இல்லை. நான் சொன்னது. என்னை ஒருவர் முன்னால் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். அந்த நொடியில் நான் பேசியிருக்கலாம். காபி கொண்டுவருகிறேன் என்று உள்ளே போய்விட்டேன்.

குட்டி கூடத்துத் தரையில் கையை ஊன்றித் தவழ்ந்துகொண்டிருந்தாள். ஊன்றிய கையை வாயில் வைத்தாள்.

மார்ச் 24, ஞாயிறு

லேபைத் திறக்கச் சொல்லி, குட்டிக்கு நானே ரத்தம் எடுத்தேன். இவர் மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். தினமும் நாற்பது பேருக்குக் குத்துகிற கைக்கு இன்று இரண்டாவது தடவைதான் நரம்பு கிடைத்தது. அவள் கத்தின கத்து இன்னும் காதில் இருக்கிறது. பிறகு இவருக்கும் எடுத்தேன், லேபைத் திறந்தவரிடம் எனக்கும் எடுக்கச் சொன்னேன். ஈயம் பார்க்கிற வசதி எங்கள் லேபில் இல்லை. வெளியே அனுப்பியிருக்கிறோம். முடிவு வர ஐந்து நாள்.

வீட்டுக்கு வந்ததும் இவர் வேலையில் இறங்கினார். நின்றவர் விழுந்தவர் எல்லாரையும் பைகளில் போட்டுக் கட்டிப் பெட்டிகளில் அடைத்தார். பல் டாக்டர் வந்து எடுத்துப்போனார். "திருப்பித் தர வேண்டாம்" என்றார் இவர். பிறகு முட்டிபோட்டு, ஈரத்துணியால் கூடத்தை மூலை மூலையாகத் தேய்த்தார். மூன்று முறை. நான் வாசற்படியில் குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பொம்மைக்காகப் பிள்ளையக் கெடுத்துட்டேன்" என்றார். தரையைப் பார்த்துக்கொண்டு.

பொம்மை என்றார். அவர் வாயால்.

சொல்லடி. சொல்லித் தொலையேன். இத்தனை நாள் எதையெதையோ பார்த்து அருவருப்புப் பட்டேன். இன்று என்னைப் பார்த்தே குமட்டுகிறது.

மார்ச் 26, செவ்வாய்

இன்றும் தேய்த்தார். வேலைக்குப் போகவில்லை.

மார்ச் 27, புதன்

ஒரு திருட்டு. பெட்டி கட்டும்போது இவருக்குத் தெரியாமல் ஒருவனை எடுத்து, லேபில் மாதிரி சேகரிக்கும் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி வைத்திருந்தேன். பொடியைப் பார்க்க வேண்டும், உண்மையிலேயே பூஞ்சையாக இருந்துவிடாதா என்ற நப்பாசை. கையில் கிடைத்தது யார் என்று அப்போது பார்க்கவில்லை. ஓரக்கண்ணன்.

உணவு இடைவேளையில், கையுறையோடு, முரசின் மேலிருந்த பொடியை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தேன். எத்தனை ஆயிரம் பூஞ்சை பார்த்திருக்கிறேன். இழை வேண்டும், வித்து வேண்டும், கிளை வேண்டும். எதுவும் இல்லை, வெறும் துகள்தான். அன்றைக்கே ஒரு சிட்டிகை கொண்டுவந்து பார்த்திருந்தால் ஐந்து நிமிஷ வேலை. பரிசோதிப்பது என் பிழைப்பு. வீட்டில் மட்டும் பார்க்காமலே தீர்ப்பு எழுதிவிட்டேன், பார்க்கத்தான் பிடிக்காதே எனக்கு.

பிறகு ஏனோ அவனையே படுக்க வைத்து, பக்கவாட்டில் டார்ச் அடித்து, முகத்தைப் பார்த்தேன். பெயின்ட் அவ்வளவாகப் போகவில்லை. இடது கண் நேராக. வலது கண் தொப்பியைப் பார்த்து. மீசைக்கு அடியில், பெயின்டுக்குள் சிக்கிக்கொண்டு, தூரிகையிலிருந்து உதிர்ந்த ஒரு முடி. என்றைக்கோ, எங்கேயோ, ஒருத்தரோ ஒருத்தியோ இதைக் கவனிக்காமல் அடுத்த முகத்துக்குப் போயிருக்கிறார்கள்.

உணவு இடைவேளை முடிந்து இருபது நிமிஷம் ஆகியிருந்தது. பக்கத்து மேசைக்காரி, என்ன அக்கா அழுறீங்க என்றாள். கண்ணில் தூசி என்றேன். அவனைக் கழுவித் துடைத்து, டப்பாவில் போட்டு, மேசை இழுப்பறையில் வைத்துவிட்டேன்.

மார்ச் 29, வெள்ளி

முடிவு வந்தது. இவருக்குக் கூடுதல். எனக்குக் கொஞ்சம். குட்டிக்கு - இருக்கக்கூடாத அளவைவிடச் சற்று மேலே.

குழந்தை மருத்துவரிடம் போனோம். மருந்து தேவையில்லை என்றார். எங்கிருந்து வருகிறதோ அதை நிறுத்துங்கள், நன்றாகச் சாப்பிடக் கொடுங்கள், மூன்று மாதத்தில் மறுபடி பார்ப்போம், இறங்கியிருக்க வேண்டும். இறங்காவிட்டால்? "அப்ப பேசலாம்."

எப்படி வாய்க்குப் போயிருக்கும் என்று கேட்டார். இவர் தன் ஞாயிற்றுக்கிழமைகளை ஒன்றுவிடாமல் ஒப்புவித்தார், துணியை நாக்கில் வைப்பதுவரை. மருத்துவர் முகம் சுளித்தார். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். துணி, வாஷிங் மெஷின், காயப்போட்ட துணியின் நுனி - எல்லாம் எனக்கு மட்டும்தான் தெரியும்.

மார்ச் 30, சனி

சொல்லிவிட்டேன்.

காலைச் சாப்பாடு முடிந்து அவர் மறுபடி வாளியை எடுத்தார். அந்த வாளிச் சத்தத்தைத் தாங்க முடியவில்லை. வினிகர் போட்டது நான்தான் என்றேன். இரண்டு தடவை துடைத்தது, கிண்ணம் வைத்தது, அதே துணியைக் குட்டி துணியோடு துவைத்தது, அவள் அதைச் சப்பியது, ஓரக்கண்ணனை எடுத்து வைத்தது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

பட்டாளம் போனதற்குக் கத்துவார் என்று நினைத்தேன். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"உனக்கு எப்ப தெரியும்?"

பல் டாக்டர் வந்த அன்றே என்றேன்.

விரல் விட்டு எண்ணினார். அளவைக்காரர், எதையும் எண்ணாமல் நம்பமாட்டார். "ஏழு நாள். ஏழு நாளா நான் தரையத் தேய்க்கிறதப் பாத்துக்கிட்டே இருந்தியா?"

குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். ஆமாம் என்றேன். அந்தச் சிப்பாயையும் குப்பையில் போடு என்று சொல்லிவிட்டு, வாளியை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, வெளியே போனார்.

இன்று கூடத்தை நான் தேய்த்தேன். வாஷிங் மெஷினையும் தேய்த்தேன். குட்டியின் பழைய துணியெல்லாம் மூட்டை கட்டி வெளியே போட்டேன்.

ஏப்ரல் 2, செவ்வாய்

சாப்பாடு வேணுமா, வேணாம். இவ்வளவுதான் இன்றைக்கு.

ஏப்ரல் 11, வியாழன்

அலமாரியைக் கழற்றித் தூக்கிப்போய்விட்டார்கள். இருந்த இடத்தில் சுவர் மட்டும் புதுசாக, வெளுப்பாகத் தெரிகிறது. வீடு சுத்தமாக இருக்கிறது. ஒன்பது வருஷமாக நான் கேட்டது இதைத்தான். பிடிக்கவில்லை. சகிக்கவே இல்லை.

மே 19, ஞாயிறு

இப்போது பேசுகிறார். குட்டியைப் பற்றி, சமையல் கேஸ் பற்றி, தண்ணீர் மோட்டார் பற்றி. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஞாயிறுகளில் அவளை மடியில் வைத்துக்கொண்டு டி.வி. பார்க்கிறார். என்ன ஓடுகிறது என்று கேட்டால் தெரியாது.

கொஞ்சம் வந்து பாரேன் என்று ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. கூப்பிட என்ன இருக்கிறது பார்க்க? இருந்தாலும் சமையலறையில் நின்றபடி காது அந்தப் பக்கமே போகிறது. வெட்கங்கெட்ட காது.

அவனை நான் குப்பையில் போடவில்லை. இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் ஒரு கண்ணால் என்னையும் ஒரு கண்ணால் தொப்பியையும் பார்க்கிறான்.

ஜூன் 29, சனி

இறங்கிவிட்டது! குட்டிக்கு, பயப்பட வேண்டிய அளவுக்குக் கீழே. இவருக்கும் பாதியாகக் குறைந்திருக்கிறது.

காகிதத்தை இவர் கையில் கொடுத்தேன். நான்கு தடவை படித்தார். பிறகு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, என் தலையில் லேசாக ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார். மூன்று மாதத்தில் அவர் கை என்மேல் பட்டது இதுதான் முதல் தடவை. குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஜூலை 7, ஞாயிறு

குட்டி உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்தினேன். சாப்பாட்டு மேசையில் ஈரத்துணி விரித்து, கையுறை போட்டுக்கொண்டு, லேபிலிருந்து கொண்டுவந்திருந்த டப்பாவைத் திறந்து ஓரக்கண்ணனை எடுத்து வைத்தேன். போன வாரமே பல் டாக்டரிடம் கேட்டுவிட்டேன். கழுவிக் காயவைத்தது, மூன்று மாதத்தில் புதிதாகப் பொடி பூக்கவில்லை என்றால் அழுகல் நின்றுவிட்டது, குழந்தைக்கு எட்டாமல் மூடி வைத்தால் போதும் என்றார். இவருடைய பூதக்கண்ணாடி செருப்பு அலமாரி மேல் கிடந்தது. எடுத்துத் துடைத்தேன். மேசை விளக்கைக் கீழே இறக்கி, முகத்தில் அடியிலிருந்து வெளிச்சம் படுகிற மாதிரி சாய்த்தேன்.

சாய்த்துவிட்டு ஐந்து நிமிஷம் சும்மா நின்றேன். பிறகு கூப்பிட்டேன்.

"கொஞ்சம் வந்து பாருங்களேன்."

பால்கனியிலிருந்து பதில் வந்தது. "கையில வேலை இருக்கு."

அங்கே அவருக்கு ஒரு வேலையும் இல்லை. எனக்குத் தெரியாதா? ஒன்பது வருஷம் அந்த வேலையைச் செய்தவள் நான். நன்றாக வேண்டும் எனக்கு என்று நாற்காலியில் உட்கார்ந்தேன். சரி, மூடி வைத்துவிடலாம் என்று டப்பாவைக் கையில் எடுத்தபோது செருப்புச் சத்தம் கேட்டது. பால்கனி வாசலில் நின்றார். மேசையில் இருப்பவன் யார் என்று அங்கிருந்தே தெரிந்துவிட்டது, முகம் மாறியது. நான் இன்னொரு ஜோடி கையுறையை நீட்டினேன்.

போட்டுக்கொண்டார். குனிந்தார்.

"மீசைக்குக் கீழ பாருங்க" என்றேன். "முடி ஒண்ணு மாட்டிக்கிட்டிருக்கு. பிரஷ்ஷோடது."

பூதக்கண்ணாடியை முன்னும் பின்னும் நகர்த்தினார். எனக்கு அவர் பிடரிதான் தெரிந்தது. இத்தனை வருஷத்தில் இதை நான் பார்த்ததே இல்லையே என்றார், என்னிடம் இல்லை, அவனிடம். அதன்பின் நிமிராமலே, விளக்கை இன்னும் கொஞ்சம் சாய்க்கச் சொன்னார்.